கவனம் எப்போது சிதறத் தொடங்கியது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் 36 வயது வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"என் ஒன்பது வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு இருப்பதாகச் சென்ற ஆண்டு கோயமுத்தூரில் சொன்னார்கள். அன்று டாக்டர் அவனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் என்னைப் பற்றியே கேட்பது போல இருந்தது. கார்த்திகை மாதம், பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப் (சாய நிற மாதிரி) எண்ணுக்குப் பதிலாக அவர் வேண்டாம் என்று சொன்ன எண்ணைச் சாயப்பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். ஒரு லாட் துணி முழுவதும் வேறு நிறத்தில் வந்து நின்றது. எட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். பள்ளியில் நன்றாகப் படித்தவள். 'உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறதா' என்று கைபேசியில் வந்த ஆறு கேள்விகளுக்கும் 'அடிக்கடி' என்றுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

பிரசவமான மூன்றாவது வாரத்தில் மனச்சோர்வு வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். போன ஆடியில் மறுபடியும் வந்தது. அப்போதிருந்து தினமும் எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். தீபாவளி நோம்பிக்கு முன்னால் ஒரு பத்து நாள் மட்டும் இரவில் மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்பே தெரியவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்துச் சேலை வியாபாரம் ஆரம்பித்தேன். நாற்பது சேலைகள் இன்னும் பீரோவில் கிடக்கின்றன. 'இப்பத்தான் இவ ஒரு மனுசியாட்டம் இருக்கறா' என்று மாமியாரே சொன்னார். அப்புறம் பழையபடி ஆகிவிட்டேன். போன வாரம் மகனுடைய மாத்திரையை மூன்று நாள் பாதி பாதியாகப் போட்டுப் பார்த்தேன். தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அப்படியானால் எனக்கும் ஏ.டி.எச்.டி.தானே? மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிட்டு இதைக் கேட்டு வாங்கலாமா? மகனுக்கு இது என்னால்தான் வந்ததா?

பின்குறிப்பு: என் தாய்மாமா ஒருவர் சில மாதம் ராவும் பகலும் தோட்டத்தில் கிடப்பார், கடன் வாங்கிப் போர்வெல் மேல் போர்வெல் போடுவார், பிறகு மாதக்கணக்கில் திண்ணையை விட்டு எழ மாட்டார். 41 வயதில் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டார். அம்மா அதைப் பேசவே விடமாட்டார்."

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கங்களுக்கு முன்னால், இன்றே செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மகனின் மாத்திரையை இனி ஒரு துணுக்குகூட எடுக்காதீர்கள். மூன்று நாள் பாதி மாத்திரை எடுத்ததால் நிலையான கேடு நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற செய்திகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்த மாத்திரை உங்களுக்கு ஆபத்தாக முடியக்கூடும். எஸ்சிட்டலோப்ராமையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கக்கேடும் வரும், சோர்வும் திரும்பும். ஆனால் அதை எழுதித் தந்த மருத்துவரை இந்த வாரமே பார்த்து, தீபாவளிக்கு முந்தைய அந்தப் பத்து நாட்களைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். தொடர்வதா, குறைப்பதா, வேறொன்றைச் சேர்ப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதற்கிடையில் தூக்கம் மூன்று நான்கு மணி நேரமாகச் சுருங்கியும் உடம்பில் தெம்பு பொங்கினாலோ, வாழ வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஒரு கடிதத்தை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்ட முடியாது. ஆனாலும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஐயம் எது என்று சொல்ல முடியும். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு எழுந்த ஐயம் ஏ.டி.எச்.டி. அன்று, பைபோலார் என்று பலரும் அறிந்திருக்கும், மனம் சில காலம் மிகையாக எழுந்தும் சில காலம் சோர்ந்து விழுந்தும் போகும் இருமுனை மனநிலைக் கோளாறுதான். நீங்கள் பின்குறிப்பில் ஒதுக்கிவிட்ட தாய்மாமாவின் கதைதான் என்னை முதலில் நிறுத்தியது.

மாத்திரை போட்டதும் தலை தெளிந்ததை உங்கள் நோய்க்குச் சான்றாக நீங்கள் எடுத்துக்கொண்டது இயல்பானதே. அப்படி ஒரு காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். ஊக்க மருந்து கவனக்கோளாறு உள்ள குழந்தையை மட்டுமே நிதானப்படுத்தும், மற்றவர்களைத் துள்ள வைக்கும் என்ற எண்ணம் இருந்தது. 1978-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜூடித் ராபபோர்ட்டும் அவருடைய குழுவினரும், எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமின் ஒருவேளை கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறுவர்களின் ஓட்டமும் குறைந்தது, கவனமும் கூடியது. உங்கள் மகனின் மாத்திரையான மீதைல்ஃபெனிடேட்டும் அதே வகை ஊக்க மருந்துதான். மனச்சோர்வில் தளர்ந்து கிடக்கும் மூளைக்கு அது சில மணி நேரம் வெளிச்சம் காட்டுவதில் வியப்பில்லை. அந்த வெளிச்சத்தைக் கொண்டு நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது என்பதுதான் செய்தி. அந்த மாத்திரை அட்டவணை எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டிருப்பதும், மருந்துக்கடைக்காரர் சீட்டின் ஒரு படியை வாங்கி வைத்துக்கொள்வதும் காரணத்தோடுதான்.

இனி அந்தப் பத்து நாட்களுக்கு வருகிறேன். தூக்கம் வராமல் புரள்வது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. கவலையிலும் சோர்விலும் தூக்கம் கெட்டவர் மறுநாள் காலை அடித்துப் போட்டது போல எழுந்திருப்பார். ஏ.டி.எச்.டி. உள்ளவர் இரவு இரண்டு மணி வரை ஏதாவது செய்துகொண்டிருந்துவிட்டு, காலையில் எழ முடியாமல் தவிப்பார். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, நாள் முழுவதும் களைப்பில்லாமல், நாலைந்து நாட்களுக்கு மேல் ஒருவர் இருந்தார் என்றால், அதோடு கூடவே புதிய வியாபாரமும், கைமீறிய செலவும், 'இவ்வளவு தெளிவாக நான் இருந்ததே இல்லை' என்ற உணர்வும் சேர்ந்து வந்தன என்றால், அதை நாங்கள் ஹைப்போமேனியா என்ற மிதமான மிகை எழுச்சியாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்போம். நான்கு நாட்கள் தொடர்ந்தால் போதும் என்பது கணக்கு. உங்களுக்குப் பத்து நாட்கள். மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய பின் வந்தது என்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது; மருந்தின் உடனடி விளைவையும் தாண்டி முழுமையான எழுச்சியாக அது நீடித்தால் இருமுனைக் கோளாறின் கணக்கில் சேர்க்கலாம் என்று 2013-ஆம் ஆண்டு வெளிவந்த, மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு சொல்கிறது.

உங்கள் முதல் மனச்சோர்வு பிரசவமான மூன்றாவது வாரத்தில் வந்தது என்பதும் எனக்கு முக்கியம். டென்மார்க்கின் மக்கள் பதிவேடுகளைக் கொண்டு 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிரசவத்துக்குப் பின் ஒரு மாதத்துக்குள் வாழ்க்கையில் முதன்முறையாக மனநல சிகிச்சைக்கு வந்த பெண்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கு அடுத்த 15 ஆண்டுகளுக்குள் இருமுனைக் கோளாறு கண்டறியப்பட்டது. வாழ்வின் மற்றக் காலங்களில் முதல் சிகிச்சைக்கு வந்த பெண்களில் இது சுமார் 4 விழுக்காடு. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஆகவில்லை என்பதையும் இதிலிருந்தே நீங்கள் பார்க்கலாம். ஆனால் தாய்மாமாவின் கதையும் தீபாவளிக்கு முந்தைய நாட்களும் அதனுடன் சேரும்போது கேள்வியைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் 69 விழுக்காட்டினருக்கு முதலில் வேறு நோயின் பெயரே சொல்லப்பட்டது என்று 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு கணக்கெடுப்பு காட்டியது. பெரும்பாலும் அந்தப் பெயர் வெறும் மனச்சோர்வு. காரணம் எளிமையானது. மனம் கீழே கிடக்கும்போது மருத்துவரிடம் வருகிறோம். மேலே பறக்கும்போது வருவதில்லை. வீட்டிலுள்ளவர்களும் 'இப்போதுதான் மனுசியாக இருக்கிறாள்' என்று மகிழ்கிறார்கள்.

அப்படியானால் கவனச்சிதறல்? அது இரண்டு நோய்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஓயாத பேச்சும் இருப்புக்கொள்ளாமையும் இரண்டிலும் உண்டு. மனச்சோர்விலோ ஒரு மின்னஞ்சலை மூன்று முறை படித்தாலும் பொருள் ஏறாது. கைபேசியில் நீங்கள் பார்த்த ஆறு கேள்விகள், உலக சுகாதார நிறுவனத்துக்காக 2005-இல் உருவான 18 கேள்விப் பட்டியலின் முதல் பகுதியாகவே இருக்கும். யாரை மேலும் ஆராய வேண்டும் என்று சலித்தெடுப்பதற்கு மட்டுமே அது உதவும். சோர்ந்து கிடக்கும் ஒருவர் அதில் ஆறுக்கு ஆறு வாங்கலாம்.

வேறுபாட்டைக் காலக்கணக்கில்தான் தேட வேண்டும். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வரும். முறை வந்தால் மடை நிறையும், முறை முடிந்தால் வாய்க்கால் காயும். கிணற்றின் நீர்மட்டம் அப்படி இல்லை. ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக, எப்போதும் ஓரளவு அதே அளவில் நிற்கும். மனநிலைக் கோளாறில் கவனம் கெடுவது வாய்க்கால் போல முறை வைத்து நடக்கும். ஏ.டி.எச்.டி. சிறுவயதிலிருந்தே கூட இருப்பது. வீட்டிலும் பள்ளியிலும், பிறகு வேலையிலும், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதுவே. அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்ற விதி அதனால்தான். முன்பு 7 வயது என்று இருந்ததை 2013-இல்தான் 12 ஆக்கினார்கள், பெரியவர்களுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஐந்து போதும் என்றும் தளர்த்தினார்கள்.

உங்கள் கடிதத்தை இந்தக் கண்ணோடு மறுபடியும் படித்தேன். எட்டு வருடமாக அதே வேலை. ஒரே நேரத்தில் நாலைந்து ஸ்டைல், ஒவ்வொன்றுக்கும் சாம்பிள், லேப் டிப், ஆக்சஸரீஸ், ஷிப்மென்ட் தேதி என்று நூறு நூல்களை விரலில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய வேலை அது. பெரிய தவறு என்று நீங்கள் குறிப்பிட்ட ஒன்றே ஒன்று கார்த்திகையில், அதாவது அந்த எழுச்சி அடங்கிக் கீழிறங்கிய மாதத்தில் நடந்திருக்கிறது. அதற்கு முன்பு, போன ஆடிக்கும் முன்பு, சோர்வும் இல்லாத எழுச்சியும் இல்லாத நாட்களில் உங்கள் வேலை எப்படி இருந்தது? கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியதில் பாதி அதற்குள் இருக்கிறது.

இந்தக் கேள்வியில் ஆய்வாளர்களே ஒரு நேரம் தடுமாறினார்கள் என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. நியூஸிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு 38 வயதானபோது ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் இருந்தன, ஆனால் அவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிறுவயதில் அது இருந்ததாகப் பதிவே இல்லை என்று 2015-இல் அறிவித்தார்கள். அப்படியானால் நடுவயதில் புதிதாகத் தொடங்கும் ஏ.டி.எச்.டி. ஒன்று உண்டா என்று உலகெங்கும் விவாதம் எழுந்தது. 2018-இல் மார்கரெட் சிப்லியும் குழுவினரும், 10 வயதிலிருந்து 25 வயது வரை மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்ட இளைஞர்களின் பதிவுகளைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார்கள். பட்டியலை வைத்துப் பார்த்தபோது 'தாமதமாகத் தொடங்கியது' போலத் தோன்றியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் முழு ஆய்வுக்குப் பின் அந்த வரையறைக்குள் நிற்கவில்லை. போதைப்பொருள் பழக்கமோ வேறொரு மனநலக் கோளாறோ அந்தக் கவனக்குறைவுக்குப் பின்னால் நின்றது. பட்டியலை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கதவை முழுவதும் சாத்திவிடவும் கூடாது. பெண் பிள்ளைகளின் ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. வகுப்பில் ஓடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்த ஒரு பெண், அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன், தன் அம்மாவையும் கூட அழைத்து வந்தார். அந்த அம்மா ஜவுளிக்கடைப் பைக்குள்ளிருந்து நான்காம் வகுப்பு ரேங்க் கார்டை எடுத்து என் மேசையில் வைத்தார். மதிப்பெண்கள் எல்லாம் எண்பதுக்கு மேல். கீழே ஆசிரியையின் சிவப்பு மையில், 'நன்றாகப் படிக்கிறாள். விடைத்தாளை முடிக்காமலே கொடுத்துவிடுகிறாள்' என்று இருந்தது. ஐந்தாம் வகுப்பிலும் அதே வரி, வேறொரு கையெழுத்தில். தினமும் டிபன் டப்பாவைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வருவாள், ஒரு வருடத்தில் ஏழு டப்பா வாங்கினோம் என்றார் அந்த அம்மா. மகளின் நினைவில் இதில் எதுவும் இல்லை. 'நான் நன்றாகப் படித்தவள்' என்று மட்டுமே அவரும் சொல்லியிருந்தார். பதினைந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்கு ஏ.டி.எச்.டி. என்று நம்ப எனக்கு வலுவான காரணம் கிடைத்தது.

இரண்டும் ஒருவரிடமே இருப்பது அரிதல்ல. 18 முதல் 44 வயது வரையிலான அமெரிக்கர்களில் 4.4 விழுக்காட்டினருக்கு ஏ.டி.எச்.டி. இருக்கலாம் என்று 2006-இல் ரொனால்டு கெஸ்லரின் குழு மதிப்பிட்டபோது, அவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் அந்த ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு மனநிலைக் கோளாறும் இருந்தது தெரிந்தது. ஆகவே 'இதுவா அதுவா' என்பதோடு 'எதை முதலில்' என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஸ்வீடனிலிருந்து 2017-இல் வந்த ஆய்வு ஒன்று தெளிவான பதில் தந்தது. இருமுனைக் கோளாறு உள்ள 2,307 பேர் மீதைல்ஃபெனிடேட் தொடங்கிய பிறகு என்ன ஆனது என்று பார்த்தார்கள். மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து இல்லாமல் இதை மட்டும் எடுத்தவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் மேனியா என்ற கடும் மிகை எழுச்சி வரும் வீதம் 6.7 மடங்கு உயர்ந்தது. நிலைப்படுத்தும் மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. மகனின் மாத்திரையைப் பற்றி நான் முதல் பத்தியிலேயே அவ்வளவு அழுத்திச் சொன்னதன் காரணம் இதுதான்.

உங்களுக்கு இருமுனைக் கோளாறு உறுதியானால் முதலில் மனநிலையை நிலைநிறுத்துவார்கள். அதற்கு 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் பயன்படுத்திக் காட்டிய லித்தியம் இன்றும் முன்வரிசை மருந்து. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதாகவும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை எடுப்பவர்கள் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அயர்னிங் செக்ஷனில் நின்றாலோ, முதுகுவலிக்கு ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்று தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோய்க்குப் பரவலாகத் தரப்படும் வால்ப்ரோயேட், கருவில் இருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யும். மனநிலை சில மாதங்கள் நிலையாக நின்ற பிறகும் கவனம் சிதறினால், அப்போது ஏ.டி.எச்.டி.யைப் பற்றி மீண்டும் ஆராயலாம். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ரத்தசோகையோ தைராய்டுக் குறையோ இருந்தாலும் கவனம் தளரும்.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றன்றைய தாளின் மூலையில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மனம் எந்த அளவில் இருந்தது, மாதவிலக்கு நாளா, இரவு ஷிப்மென்ட் வேலை இருந்ததா என்று நான்கே குறிப்பு எழுதி, தாளைக் கிழித்து எறியாமல் சேர்த்து வையுங்கள். சென்ற ஆண்டுக்கும் நினைவிலிருந்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஆடி, தீபாவளி, கார்த்திகை என்று நீங்களே நாட்களைக் கட்டித் தந்திருப்பதால் அது கடினமாக இருக்காது. படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொள்வதை ஒரு சிகிச்சையாகவே எலன் ஃபிராங்க் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்திருக்கிறார். அந்த முறை இருமுனை நோயாளிகளின் அடுத்த சரிவைத் தள்ளிப்போட உதவியதாக 2005-இல் காட்டினார். இரவு இரண்டு மணி வரை பையரின் மின்னஞ்சலுக்குக் காத்திருக்கும் உங்கள் தொழிலில் இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தும், இரவு வேலையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று நிறுவனத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கும்படி உங்களை வற்புறுத்துகிறேன்.

மகனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி ஏ.டி.எச்.டி. வரும் சாய்வில் ஏறத்தாழ முக்கால் பங்கு பரம்பரை சார்ந்தது. ஆனால் அது ஒற்றை மரபணுவால் வருவதில்லை. ஒவ்வொன்றும் சிறிதளவே தள்ளும் பல மரபணுக்கள், அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கலந்து வருகின்றன. அவனை நீங்கள் வளர்த்த விதத்தால் வந்தது இல்லை, நீங்கள் வேலைக்குப் போனதாலும் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் நெருங்கிய ரத்த உறவினர்களிடம் இருமுனைக் கோளாறு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காணப்படுவதாக 2013-இல் ஸ்வீடனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. மகனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதால் அம்மாவுக்கும் அதுவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே குடும்பத்தில் ஒரு வேர் வெவ்வேறு கிளையாக வெளிப்படலாம்.

உங்கள் அம்மா தன் சகோதரரைப் பற்றிப் பேச மறுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 2015-16-இல் பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழகமும் இருந்தது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் சிகிச்சையே பெறாமல் இருப்பது அப்போதும் தெரிய வந்தது. உங்கள் மாமாவுக்கு அந்த நாளில் யாரும் மருந்து தந்திருக்க வாய்ப்பில்லை. அவர் வாங்கிய கடனையும் போட்ட போர்வெல்களையும் ஊர் குணமாகத்தான் பார்த்திருக்கும். அம்மாவிடம் சாவைப் பற்றிக் கேட்க வேண்டாம். மாமா எத்தனை நாள் தூங்காமல் இருந்தார், எந்த வயதில் முதன்முதலில் அப்படி ஆனது, பிறகு எத்தனை மாதம் படுத்திருந்தார் என்று கேளுங்கள். அதோடு, சிறுவயதில் நீங்கள் எதையெல்லாம் பள்ளியில் தொலைத்துவிட்டு வந்தீர்கள் என்றும் கேளுங்கள். அவர் வரச் சம்மதித்தால், பழைய ரேங்க் கார்டுகளோடு அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.